கம்பைலர் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும்?

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது முழுக்க முழுக்க டெக்னிக்கல் மொக்கை. சினிமா விமரிசனம் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்படியே அப்பீட் ஆகிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். மிச்சம் இருக்கிற மூணு பேருக்காக எழுதுகிறேன். :-)

விஷயம் ஹாஸ்கெல் பற்றியது. தெரியாதவர்களுக்கு ஒரு வரி அறிமுகம்: 1987-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்த ஒரு மாநாட்டில், ஃபங்ஷனல் ப்ரோக்ராமிங் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆட்கள் எல்லாம் உட்கார்ந்து, 'ஆளாளுக்கு ஒரு மொழி வைத்திருக்கிறோம், எல்லாருக்கும் பொதுவாக ஒண்ணு செய்வோம்' என்று முடிவெடுத்ததில் பிறந்த மொழி. 1990-ல் முதல் அறிக்கை வந்தது. ஹாஸ்கெல் கரி என்ற தர்க்கவியல் அறிஞரின் பெயரை வைத்தார்கள். இதில் எந்த எக்ஸ்ப்ரஷனுக்கும் டைப் என்னவென்று நாம் சொல்லாவிட்டாலும் கம்பைலரே கண்டுபிடித்துச் சொல்லும். அது கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. கண்டுபிடித்ததை எந்தப் பெயரில் சொல்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

டைப் சினானிம் என்றால் ஒரு டைப்புக்கு வைக்கிற இன்னொரு பெயர். அவ்வளவுதான். புதிதாக எதுவும் உருவாவதில்லை. ஹாஸ்கெலில் எல்லாருக்கும் முதலில் அறிமுகமாவது இது (கோட் எல்லாவற்றையும் உச்சரிப்பிலேயே எழுதுகிறேன், மெஷினில் அடிக்கும்போது மாற்றிக்கொள்ளுங்கள்):

டைப் ஸ்ட்ரிங் = [சார்]

அதாவது ஸ்ட்ரிங் என்பது எழுத்துக்களின் லிஸ்ட். சதுர அடைப்பு போட்டால் லிஸ்ட். (அந்த 'சார்' எழுத்து என்பதைக் குறிக்கிற டைப். வகுப்பில் இதை வாய்விட்டுப் படித்தால் வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். அதனாலேயே எங்கள் செட்டில் பலர் 'கேர்' என்று சொல்வார்கள்.) இதே மாதிரி ஃபைல்பாத் என்று ஒன்று உண்டு. அது ஸ்ட்ரிங்கின் சினானிம். ஆக ஃபைல்பாத், ஸ்ட்ரிங், [சார்] மூன்றும் ஒரே ஆள்தான். வீட்டில் ஒரு பேர், ஸ்கூல் ரெஜிஸ்டரில் ஒரு பேர், தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பசங்க வைத்த பேர் ஒண்ணு என்கிற மாதிரி.

கொரியர்காரர் தெருமுனையில் நின்று முழுப்பேரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கே அது யாரென்று தெரியாது, பார்த்திருப்பீர்கள். கம்பைலருக்கும் நமக்கும் நடுவே நடப்பது கிட்டத்தட்ட அதுதான்.

ஜிஹெச்சி-ஐ திறந்து கொஞ்சம் விளையாடலாம். (ஜிஹெச்சி என்பது கிளாஸ்கோ ஹாஸ்கெல் கம்பைலர். பின்னால் ஐ சேர்ந்தால் அதனோடு உட்கார்ந்து பேசக்கூடிய வடிவம்.) ':டி' என்று போட்டு எதைக் கேட்டாலும் டைப்பைச் சொல்லும். லைன்ஸ் என்ற ஃபங்ஷனைக் கேட்டால் வருவது:

லைன்ஸ் :: ஸ்ட்ரிங் -> [ஸ்ட்ரிங்]

ஒரு ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் வரி வரியாகப் பிரித்து ஸ்ட்ரிங்குகளின் லிஸ்டாகத் தரும். படித்தவுடன் புரிகிறது. இப்போது, எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாக்குகிற 'மேப் டுஅப்பர்' என்பதைக் கேளுங்கள்:

மேப் டுஅப்பர் :: [சார்] -> [சார்]

ஸ்ட்ரிங் எங்கே போச்சு? அர்த்தம் அதேதான், பேர் மட்டும் மாறிவிட்டது. இன்னும் ஒரு படி போவோம். சொற்களைச் சேர்த்து ஒட்டுகிற அன்வேர்ட்ஸையும் மேலே சொன்னதையும் புள்ளி வைத்து இணைத்தால்:

மேப் டுஅப்பர் . அன்வேர்ட்ஸ் :: [ஸ்ட்ரிங்] -> [சார்]

ஒரே வரியில் இந்தப் பக்கம் ஸ்ட்ரிங், அந்தப் பக்கம் [சார்]. முதல் தடவை பார்க்கிறவனுக்கு இரண்டும் வேறு வேறு டைப் என்றுதான் தோன்றும். தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் இன்னொன்று. ரீட்ஃபைல் என்ற ஃபங்ஷன் ஒரு ஃபைல்பாத்தை வாங்கிக்கொண்டு, ஃபைலில் இருப்பதை ஸ்ட்ரிங்காகத் தரும். அதனோடு ஐடி என்ற, எதையும் செய்யாமல் வாங்கியதை அப்படியே திருப்பித் தருகிற சும்மா ஃபங்ஷனை ஒட்டினால்:

ரீட்ஃபைல் . ஐடி :: ஃபைல்பாத் -> ஐஓ ஸ்ட்ரிங்

அதே இடத்தில் ரிவர்ஸ் போட்டால்:

ரீட்ஃபைல் . ரிவர்ஸ் :: [சார்] -> ஐஓ ஸ்ட்ரிங்

ஐடி வழியாகப் போகும்போது பேர் பத்திரமாக இருக்கிறது. ரிவர்ஸ் வழியாகப் போனால் தொலைந்துபோகிறது. ஏன்? ஐடிக்குத் தன் கையில் வருவது என்னவென்றே கவலை இல்லை. எது வந்தாலும் பொட்டலத்தைப் பிரிக்காமல் கைமாற்றிவிடும். ரிவர்ஸ் அப்படி இல்லை, அதற்கு வருவது லிஸ்டாக இருக்கவேண்டும். ஃபைல்பாத் லிஸ்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள கம்பைலர் பொட்டலத்தைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். பிரித்துப் பார்த்தால் உள்ளே [சார்]. பிரித்த பொட்டலத்தைத் திரும்பக் கட்டி, மேலே பழைய சீட்டையே ஒட்டுகிற பழக்கம் கம்பைலருக்குக் கிடையாது.

இது தற்செயல் இல்லை, யோசித்துச் செய்தது என்பதுதான் சுவாரசியம். ஜிஹெச்சியின் சோர்ஸ் கோடில், இரண்டு டைப்புகளை ஒப்பிட்டுப் பொருத்துகிற யூனிஃபிகேஷன் பகுதியில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் சாராம்சம் இதுதான். ஒரு பக்கம் இன்னும் தெரியாத டைப், அதாவது ஒரு வேரியபிள் இருந்தால், சினானிமைப் பிரிக்காமல் அப்படியே அந்த வேரியபிளுக்குக் கொடுத்துவிடு. அது முடியாதபோது மட்டும் பிரி. காரணம், கடைசியில் திரையில் வருகிற டைப்பில் ஆளுக்குப் புரிகிற பேர் இருக்க வாய்ப்பு அதிகமாகும். டைப் சரியா தவறா என்ற கணக்குக்கு இந்த வரிசை தேவையே இல்லை. முதலிலேயே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டாலும் விடை ஒன்றுதான். நம் கண்ணுக்காக மட்டுமே செய்த ஏற்பாடு. கம்பைலர் எழுதுகிற ஆட்களுக்கு ஈரம் இல்லை என்று யார் சொன்னது!

ஆனால் 'வாய்ப்பு அதிகம்' என்பது 'நிச்சயம்' ஆகாது. ஃபைல்பாத் என்று அறிவித்த ஒன்றையும் ஸ்ட்ரிங் என்று அறிவித்த ஒன்றையும் ஒரே லிஸ்டில் போட்டு டைப் கேளுங்கள். ஃபைல்பாத் முதலில் இருந்தால் [ஃபைல்பாத்] என்று வரும். இடம் மாற்றி வைத்தால் [ஸ்ட்ரிங்] என்று வரும். பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் பேரில் இலைக்கணக்கு எழுதுகிற மாதிரி. இரண்டும் சரி என்பதால் சண்டை போடவும் முடியாது.

இதற்கு மேல், ஸ்ட்ரிங்குக்கு மட்டும் ஸ்பெஷல் தரிசனம் உண்டு. பழைய பதிப்புகளில் "வணக்கம்" என்று வெறும் மேற்கோள் போட்டு டைப் கேட்டால் [சார்] என்று வரும். இப்போதைய பதிப்புகளில் ஸ்ட்ரிங் என்றே வருகிறது. மேற்கோளுக்குள் எழுதுவதற்கெல்லாம் ஸ்ட்ரிங் என்ற பேரையே பயன்படுத்து என்று கம்பைலருக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். மேப் டுஅப்பர் மட்டும் இன்றைக்கும் பழைய பாட்டையே பாடுகிறது, ஏனென்றால் அங்கே யாரும் ஸ்ட்ரிங் என்ற பேரை உச்சரிக்கவே இல்லை. லிஸ்ட் என்று மேப் சொன்னது, எழுத்து என்று டுஅப்பர் சொன்னது, இரண்டையும் கூட்டினால் [சார்].

பழைய சரித்திரம் கொஞ்சம். ராபின் மில்னர் 1978-ல் எழுதிய, டைப்பைத் தானாகக் கண்டுபிடிக்கிற வழியைச் சொன்ன புகழ்பெற்ற கட்டுரையில் இந்தப் பிரச்சினைக்கே இடமில்லை. அந்தக் கணக்கில் டைப்புக்கு ஒரு வடிவம் உண்டு, செல்லப்பேர் கிடையாது. டேவிட் டர்னரின் மிராண்டா மொழியில் (1985, ஹாஸ்கெலுக்கு ஒருவகையில் பெரியப்பா) இரண்டு சமக்குறி போட்டு சினானிம் எழுதுவார்கள். சமம் என்று சொல்லும்போதே இது வெறும் எழுத்துச் சுருக்கம் என்பது தெரிந்துவிடுகிறது. கணக்குக்கு வெளியே, மனுஷனுக்காகச் சேர்த்த வசதி. கணக்கு முடிந்து திரும்பி வரும்போது அது கூடவே வருமா என்பதற்கு எந்தக் கட்டுரையும் உத்தரவாதம் தரவில்லை.

'இதெல்லாம் ஒரு பிரச்சினையா, ஸ்ட்ரிங்னா [சார்]னு மனப்பாடம் பண்ணிட்டா போச்சு' என்று கேட்பீர்கள். ஸ்ட்ரிங்கோடு நின்றால் சரிதான்.

எங்கள் டிபார்ட்மென்டில் ஹாஸ்கெல் ஒரு எலெக்டிவ். இரண்டு வருஷம் ஜூனியர் ஒரு பெண், கெட்டிக்காரி, சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எங்கள் செட்டையே ஓரம்கட்டுவாள். லேபில் ஸ்டேட் மோனாட் பயிற்சி. ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒன்று கூட்டுகிற கவுன்ட்டர். டைப்பை அழகாக 'ஸ்டேட் இன்ட் இன்ட்' என்று எழுதியிருக்கிறாள். நடுவில் எண் என்ன ஆச்சு என்று பார்க்க, எல்லாரும் செய்கிற மாதிரி, புட்ஸ்டர்லைன் என்று ஒரு பிரிண்ட் வரியைச் செருகிவிட்டாள். ஸ்டேட்டுக்குள் பிரிண்ட் செய்ய முடியாது, அதனால் எரர் வந்தது நியாயம். வந்த எரர் இது:

எதிர்பார்த்த டைப்: ஸ்டேட்டி இன்ட் ஐடென்டிட்டி ()
உண்மையான டைப்: ஐஓ ()

(ஸ்டேட்டி என்று எழுதியது ஸ்டேட் என்பதன் வாலில் ஒரு 'டி' ஒட்டியது. எழுத்துப்பிழை இல்லை.)

"அண்ணா, ஐடென்டிட்டின்னு நான் எங்கயுமே எழுதலையே? ஸ்டேட்டியும் எழுதல. இது யாரோட ப்ரோக்ராமுக்கு வந்த எரர்?" என்று கேட்டாள். அவள் எழுதிய ஆறு வரியில் உண்மையிலேயே அந்த இரண்டு சொல்லும் இல்லை. பாடத்தில் இன்னும் சொல்லித்தரவும் இல்லை.

நடந்தது இதுதான். எம்டிஎல் என்ற லைப்ரரியில் ஸ்டேட் என்பது ஒரு சினானிம்: டைப் ஸ்டேட் எஸ் = ஸ்டேட்டி எஸ் ஐடென்டிட்டி. டூ பிளாக்கில் வரிகளை இணைக்கிற ஆப்பரேட்டருக்கு, 'ஏதோ ஒரு மோனாட், அதற்குள் ஏதோ ஒரு மதிப்பு' என்று டைப்பை இரண்டு துண்டாக வெட்டவேண்டும். வெட்ட வேண்டுமானால் பொட்டலத்தைப் பிரிக்கவேண்டும். பிரித்த பிறகு ஸ்டேட் என்ற பேர் காற்றோடு போச்சு. ரிவர்ஸ் செய்த அதே வேலை.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் என்னவென்றால், எப்போதுமே இப்படி இல்லை. 2010 வரை ஸ்டேட் என்பது தனியாக நிற்கிற ஒரு டைப்பாகத்தான் அந்த லைப்ரரியில் இருந்தது. ஸ்டேட்டுக்கு ஒருமுறை, ஸ்டேட்டிக்கு ஒருமுறை என்று ஒரே கோடை இரண்டு தடவை எழுதவேண்டியிருந்ததால், 2010-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒன்றை மற்றொன்றின் சினானிம் ஆக்கிவிட்டார்கள். எழுதுகிறவர்களுக்கு வேலை பாதி. படிக்கிறவர்களுக்கு எரர் மெசேஜ் இரண்டு மடங்கு. பழைய பாடங்களை வைத்துப் படித்தவர்களுக்கு, ஸ்டேட் என்ற கன்ஸ்ட்ரக்டரே இல்லை என்று இன்னொரு எரர் உபரியாக வந்தது. பார்செக் லைப்ரரியிலும் இதே கதை. பார்சர் என்று எழுதுவோம். எரரில் அது பார்செக்டி ஸ்ட்ரிங் () ஐடென்டிட்டி என்று நாலு முழத்துக்கு வரும். லென்ஸ் லைப்ரரி பற்றி நான் பேசப்போவதில்லை. அங்கே லென்ஸ் என்று கையால் எழுதிய பேரை ஜிஹெச்சி-ஐ திருப்பிச் சொல்லி நான் பார்த்தது அபூர்வம். இரண்டு லென்ஸை ஒட்டி டைப் கேட்டால் ஃபங்டர் எஃப் என்று ஆரம்பித்து அது பாட்டுக்குப் போகும்.

அந்தப் பெண்ணுக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கினேன். புரிந்தது என்றாள். புரிந்துதான் இருக்கும். "அண்ணா, எரரைப் புரிஞ்சுக்கவே இன்னொரு பாடம் படிக்கணும்னா, எனக்கு டைம் இல்லண்ணா" என்று சொல்லிவிட்டு, எலெக்டிவ் மாற்றுவதற்கான கடைசி நாளுக்கு முந்தின நாள் ஃபார்ம் கொடுத்துவிட்டாள். இப்போது வேறு பாடத்தில் நன்றாக இருக்கிறாள், அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் அவளைத் துரத்தியது மோனாட் இல்லை, ஒரு பேர். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் சோர்ஸ் கோட் வரைக்கும் போய்த் துழாவினேன்.

முதலில் எனக்குத் தோன்றிய தீர்வு ரொம்ப எளிது. பிரித்தபின் கடைசியில் திரும்பச் சுருட்டவேண்டியதுதானே? ஸ்டேட்டி இன்ட் ஐடென்டிட்டி என்று பார்த்தால் ஸ்டேட் இன்ட் என்று மாற்றிக் காட்டு. [சார்] என்று பார்த்தால்... இங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். [சார்] என்று பார்த்தால் ஸ்ட்ரிங் என்று காட்டுவதா, ஃபைல்பாத் என்று காட்டுவதா? நான் என் ப்ரோக்ராமில் 'டைப் முகவரி = ஸ்ட்ரிங்' என்று ஒன்று வைத்திருந்தால் அதுவும் க்யூவில் நிற்கும். ஒருவருடைய பேரைக் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஆளைப் பார்த்து, அவரை எந்தப் பேரால் அவர் அம்மா கூப்பிடுவார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'டைப் வயது = இன்ட்' என்று ஒருத்தன் எழுதியவுடன், அவன் ப்ரோக்ராமில் இருக்கிற எல்லா இன்ட்டும் வயது என்று காட்டினால் தாங்குமா? லூப் கவுன்ட்டர் கூட வயதாகிப் போகும்.

ஓகேமல் மொழிக்காரர்கள் இந்தப் பக்கம் தைரியமாக ஒரு அடி வைத்தார்கள். 2013-ல் வந்த 4.01 பதிப்பில் ஷார்ட்-பாத்ஸ் என்று ஒரு ஆப்ஷன். ஒரே டைப் பல மாட்யூல் வழியாகப் பல பேரில் தெரிந்தால், அதில் எது குட்டையோ அதைக் காட்டும். இதில் ஒரு நகைச்சுவை உண்டு. பேர் அண்டர்ஸ்கோரில் ஆரம்பித்தாலோ, நடுவில் இரட்டை அண்டர்ஸ்கோர் இருந்தாலோ, அதன் நீளத்தோடு பத்து கூட்டி அபராதம் போடுவார்கள். அப்படிப்பட்ட பேர்கள் பொதுவாக லைப்ரரியின் உள்விவகாரம், வெளியே காட்டுவதற்கு இல்லை என்ற ஊகம். பத்து என்ற எண்ணுக்குப் பின்னால் பெரிய தத்துவம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது. சரியான விடை கிடையாது என்று தெரிந்த இடத்தில் ஒரு சுமாரான விதியை வைத்து வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

'அப்போ எதிர்ப்பக்கம் போவோம், எப்போதும் முழுசாகப் பிரித்தே காட்டட்டும், குழப்பமே இல்லையே' என்பார் ஒரு கட்சி. அவர்களுக்கு ஒரு கணக்கு. பி1 என்பது (இன்ட், இன்ட்) என்ற ஜோடி என்று வையுங்கள். பி2 என்பது (பி1, பி1). பி3 என்பது (பி2, பி2). இப்படியே பத்து வரி எழுதுங்கள். பி10-ஐ முழுசாகப் பிரித்தால் 1024 இன்ட் வரும். இருபது வரி எழுதினால் 10,48,576. இருபது வரி ப்ரோக்ராமுக்குப் பத்து லட்சம் சொல் எரர்! நிஜத்தில் யாரும் இப்படி எழுத மாட்டார்கள் என்பது சரி. ஆனால் பெரிய ப்ரோக்ராம்களில் இதன் தம்பி தங்கைகள் நிறைய உண்டு. (ஒரு ஆறுதல்: சினானிம் தன்னையே சுட்ட முடியாது. டைப் டி = [டி] என்று எழுதினால் சுழற்சி இருக்கிறது என்று சொல்லி நிராகரித்துவிடும். இல்லாவிட்டால் பிரிக்கிற வேலை முடியவே முடியாது.)

அதோடு, பேரை மட்டும் காட்டினால் விஷயம் மறைந்துபோகிற சமயமும் உண்டு. 'எதிர்பார்த்தது அமைப்பு, வந்தது விருப்பம்' என்று இரண்டு சினானிம் பேரை மட்டும் ஒரு எரர் சொன்னால் யாருக்கு என்ன புரியும்? இரண்டும் உள்ளே நீளமான டைப்புகள், ஒரே ஒரு மூலையில் இன்ட்டுக்குப் பதில் பூல் இருக்கிறது என்றால் அந்த மூலைதான் தெரியவேண்டும். இதற்காக 2016-ல் வந்த ஜிஹெச்சி 8.0-ல் 'ப்ரின்ட் எக்ஸ்பாண்டட் சினானிம்ஸ்' என்று ஒரு ஃப்ளாக் கொடுத்தார்கள். அதைப் போட்டால், வழக்கமான எரருக்குக் கீழே, சினானிமைப் பிரித்த வடிவத்தையும் சேர்த்துக் காட்டும். அதுவும் கண்மண் தெரியாமல் எல்லாவற்றையும் பிரிக்காது, இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிற அளவுக்குத்தான் பிரிக்கும். நல்ல வேலை. ஒரே குறை, கேட்டால்தான் தரும். அது இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்படுகிறவனுக்கு அது இருப்பதே தெரியாது. தவிர அது பிரிக்கத்தான் உதவும். ஏற்கெனவே பிரிந்துபோன ஸ்டேட்டை ஒட்டவைக்காது.

எனக்குக் கேட்டால், இந்த விஷயத்தில் அழகான வேலை செய்தது ஃபங்ஷனல் மொழிக்காரர்களே இல்லை. சி ப்ளஸ் ப்ளஸ் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், அங்கே ஸ்ட்ரிங் என்பதே ஒரு செல்லப்பேர்தான். உள்ளே பேசிக்-ஸ்ட்ரிங், சார், சார்-ட்ரெய்ட்ஸ், அலகேட்டர் என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. அந்தக் குடும்ப அட்டை முழுவதையும் எரரில் படித்து நொந்துபோன தலைமுறை உண்டு. க்ளாங் கம்பைலர் என்ன செய்கிறது தெரியுமா? நீங்கள் எழுதிய பேரை முதலில் சொல்லிவிட்டு, அடைப்புக்குள் 'ஏ.கே.ஏ.' போட்டு உள்ளே இருப்பதைச் சொல்லும். நம்ம ஊர் தினசரிகளில் 'இன்னார் என்கிற இன்னார் கைது' என்று போடுவார்களே, அச்சு அசல் அதே. செல்லப்பேர் தெரிந்தவனும் கண்டுபிடித்துவிடுவான், ரெஜிஸ்டர் பேர் தெரிந்தவனும் கண்டுபிடித்துவிடுவான். அந்த ஜூனியருக்கு மட்டும் 'ஸ்டேட் இன்ட் என்கிற ஸ்டேட்டி இன்ட் ஐடென்டிட்டி' என்று வந்திருந்தால், அரைமணி நேரப் பாடம் அரை வரியில் முடிந்திருக்கும்.

டைப்ஸ்கிரிப்டும் இதே இடத்தில் அல்லாடிவிட்டு, 2021-ல் 4.2 பதிப்பில் அலியாஸ் பேர்களை முன்பைவிடப் பத்திரமாக நினைவில் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தது. ஆக இது ஹாஸ்கெலுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

'சினானிமே வேண்டாம், நியூடைப் போடு' என்று சொல்கிற அண்ணன்கள் எல்லா ஊரிலும் உண்டு. நியூடைப் என்பது நிஜமாகவே புது டைப். உள்ளே இன்ட்தான், ஓடும்போது கூடுதல் செலவும் கிடையாது. ஆனால் கம்பைலர் அதைத் தனி ஆளாக மதிக்கும், பேரையும் மறக்காது. மதிப்பெண்ணுக்கு ஒன்று, ரோல் நம்பருக்கு ஒன்று என்று இரண்டு சினானிம் வைத்து, இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் கம்பைலர் கம்மென்று இருக்கும். இரண்டும் இன்ட் ஆச்சே. 1043-வது மாணவன் 78 வாங்கினான் என்பது 78-வது மாணவன் 1043 வாங்கினான் என்று ஆகிவிடும், கொடுத்து வைத்தவன். நியூடைப் வைத்தால் அங்கேயே பிடித்துவிடும். இந்த வாதத்தை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். மதிப்பெண்ணுக்கும் ரோல் நம்பருக்கும் சினானிம் வைப்பது பாதுகாப்பு மாதிரி தோற்றம் தருகிற பாதுகாப்பில்லாத வேலை.

ஆனால் எல்லா இடத்திலும் இந்த மருந்து செல்லாது. நியூடைப்புக்குள் வைத்த லிஸ்ட்டுக்கு ரிவர்ஸ் நேரடியாக வேலை செய்யாது. உறையைப் பிரி, வேலையைச் செய், மறுபடி உறையில் போடு என்று ஒவ்வொரு தடவையும் எழுதவேண்டும். ஸ்ட்ரிங்கை லிஸ்ட் என்று வைத்ததே லிஸ்ட்டுக்கு எழுதிய ஃபங்ஷன் எல்லாம் அதற்கும் ஓசியில் கிடைக்கட்டும் என்றுதான். ஓசியும் வேண்டும், பேரும் வேண்டும் என்று கேட்பது பேராசையாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'என்கிற' போடுவதற்கு உறை எதுவும் தேவையில்லை, கம்பைலர் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். பிரிக்கும்போது பழைய சீட்டையும் கூடவே மடித்து வைக்கவேண்டும், இரண்டு சீட்டு சேர்கிற இடத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்யவேண்டும். இதில் நினைவகச் செலவும் உண்டு, தலைவலியும் உண்டு. செய்யக்கூடாத வேலை இல்லை, செய்வதற்குக் கஷ்டமான வேலை.

அதுவரை கையில் இருப்பதைச் சொல்கிறேன். ஜிஹெச்சி-ஐ-யில் ':இன்ஃபோ' என்று போட்டு எந்தப் பேரைக் கேட்டாலும் அது சினானிமா, என்றால் எதற்குச் சினானிம் என்று சொல்லிவிடும். எரரில் நீங்கள் எழுதாத ஒரு பேர் வந்தால், நீங்கள் எழுதிய பேர்கள் ஒவ்வொன்றையும் அதில் போட்டுப் பாருங்கள், இரண்டு மூன்று தட்டிலேயே சொந்தக்காரர் யார் என்று தெரிந்துவிடும். இந்த செமஸ்டர் லேபில் எனக்குப் பக்கத்தில் உட்கார்கிற ஜூனியர்களுக்கு மோனாட் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித்தருகிறேன். இதுவரை யாரும் ஃபார்ம் வாங்கப் போகவில்லை.

இவ்வளவு தூரம் வந்த மூணு பேருக்கும் ஒரு வீட்டுப்பாடம். கன்கேட் என்பது லிஸ்டுகளின் லிஸ்டை ஒரே லிஸ்டாக ஒட்டுகிற ஃபங்ஷன். கன்கேட் . லைன்ஸ் என்று போட்டு டைப் கேட்டால் என்ன வரும்? அன்லைன்ஸ் . லைன்ஸ் என்று போட்டால்? மெஷினில் அடிப்பதற்கு முன்னால் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் அடியுங்கள். இரண்டிலும் உள்ளே போவது ஸ்ட்ரிங் என்றே வரும், அதை இலவசமாகச் சொல்லிவிட்டேன். வெளியே வருவது மட்டும் உங்கள் பாடு.